துளை முதலா, நடை முதலா? கட்டுமானத்துக்கு முன் ஆய்வுப் பணத்தை எதில் போடுவது

கட்டடமோ சாலையோ அணையோ, எந்த வேலையானாலும் ஆரம்பத்தில் ‘சாயில் டெஸ்ட் எடுத்தாச்சா?’ என்று ஒரு கேள்வி வரும். ரிக் (துளையிடும் இயந்திரம்) வந்து நாலு துளை போட்டாச்சா என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். துளை போட்டால் அறிக்கை வரும், அறிக்கையில் எண்கள் இருக்கும், எண்கள் கிடைத்துவிட்டால் டிசைன் செய்பவர் வேலையைத் தொடங்கிவிடலாம். எனக்குத் துளைமேல் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வுக்கு ஒதுக்கும் பணம் எப்போதும் பற்றாக்குறைதான் (தாராளமாக ஒதுக்கிய திட்டத்தை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்), அதை எந்த வரிசையில் செலவழிப்பது என்பதில்தான் கோட்டைவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

வழிகள் மோட்டாவாக மூன்று. முதலாவது, நிலத்தின் மேல்முகத்தைப் படிப்பது: நிலவியல் வரைபடம், பழைய சர்வே வரைபடங்கள், வான்படம், லைடார் (விமானத்திலிருந்து லேசர் ஒளியால் தரையை அளப்பது), கடைசியில் காலால் நடந்து பார்ப்பது. இரண்டாவது, நேரடியாக உள்ளே இறங்குவது: ஆய்வுக்குழி, துளை, எஸ்பிடி (அடித்து எண்ணும் சோதனை), சிபிடி (கூம்பை அழுத்தி இறக்கும் சோதனை), பாறை என்றால் கோர் (உருளையாக வெட்டி எடுக்கும் மாதிரி). மூன்றாவது, மேலே இருந்துகொண்டே உள்ளே அதிர்வையோ மின்சாரத்தையோ அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஊகிப்பது. இதில் எது உசத்தி என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்த மாதிரி நிலத்தில், எந்த வேலைக்கு, எதை முதலில் செய்வது என்று கேட்டால் கிடைக்கும்.

துளை

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் விட்டத்தில் 10 துளை போடுகிறோம் என்று வையுங்கள். நாம் தொட்டுப் பார்த்த பரப்பு, மொத்த நிலத்தில் 10 லட்சத்தில் 8 பங்குகூட முழுசாக இல்லை. மீதி எல்லாம் இரண்டு துளைக்கு நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து நாமே நிரப்பிக்கொண்டது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் செல்லும்; ஆறு இடம் மாறி மாறி ஓடிய சமவெளியில் 20 மீட்டர் தள்ளிப் போனால் களிமண் இருந்த ஆழத்தில் மணல் இருக்கும். அந்தக் கோட்டை இழுக்கலாமா கூடாதா என்பதைத் துளை சொல்லாது. அந்த நிலம் எப்படி உருவானது என்று தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

எண்ணுக்கு வருவோம். எஸ்பிடி என்றால் 63.5 கிலோ சுத்தியலை 760 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, ஸ்பூன் (மண்ணைப் பிடித்துவரும் இரட்டைப்பிளவுக் குழாய்) 450 மில்லிமீட்டர் இறங்கும்வரை அடிப்பது. முதல் 150-ஐ விட்டுவிட்டு அடுத்த 300-க்கு எத்தனை அடி என்று எண்ணுவது. உலகம் முழுக்க அஸ்திவாரக் கணக்கில் பெரும்பங்கு இந்த எண்ணிக்கையின்மேல்தான் நிற்கிறது, அதனால் அது எப்படிக் கெட்டுப்போகும் என்று தெரிந்திருக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே மணலில் துளை போடும்போது, ராடை வெளியே எடுக்கிற வேகத்தில் துளைக்குள் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால், வெளியே இருக்கும் நீரழுத்தம் அடியில் உள்ள மணலைக் கிளப்பிவிடும். இளகிப்போன அந்த மணலில் அடித்தால் எண்ணிக்கை நிஜத்தைவிடக் குறைவாக வரும். அதற்கு நேர்மாறாக, ஸ்பூனின் வாயில் ஒரு கூழாங்கல் சிக்கிக்கொண்டால் எண்ணிக்கை எகிறும். ஸ்பூனை இரண்டாகப் பிரித்துத் திறக்கும்போது பக்கத்தில் நின்றால் அந்தக் கல் கண்ணில் படும். அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை படித்தால் ‘அடர்த்தியான மணல்’ என்று மட்டும் இருக்கும். ரிக் ஓட்டுபவரிடம் பேச்சுக் கொடுங்கள். கழுவிவரும் தண்ணீரின் நிறம் எந்த ஆழத்தில் மாறியது, எங்கே தண்ணீர் திரும்பி வராமல் உள்ளேயே போய்விட்டது, எங்கே ராடு சட்டென்று இறங்கியது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், பாதி நாள் லாக் ஷீட்டில் அது ஏறாது.

மென்மையான களிமண், மணல், வண்டல் என்றால் என் ஓட்டு சிபிடிக்கு. 10 சதுர சென்டிமீட்டர் முகப்புள்ள கூம்பை நொடிக்கு 2 சென்டிமீட்டர் வேகத்தில் அழுத்தி இறக்கினால் ஓரிரு சென்டிமீட்டருக்கு ஓர் அளவு வந்துகொண்டே இருக்கும். எஸ்பிடி ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு ஒப்பிட்டால், நடுவில் ஒளிந்திருக்கும் மெல்லிய களிமண் படலம் இதில் தப்புவது கஷ்டம். குறை என்னவென்றால் மண் கைக்கு வராது, சரளையோ உருண்டைப் பாறையோ வந்தால் கூம்பு நின்றுவிடும். அதனால் சிபிடி நாலு இடத்தில், அதில் ஒன்றின் பக்கத்திலேயே மாதிரி எடுக்கும் துளை ஒன்று என்று வைத்துக்கொள்வது நல்ல சேர்க்கை.

ஆய்வுக்குழியை யாரும் மதிப்பதில்லை, அது எனக்குப் புரியாத விஷயம். ஜேசிபியை விட்டு 3, 4 மீட்டர் தோண்டினால் துளை காட்டாத ஒன்றை அது காட்டும்: முழுச் சுவர். அடுக்கு எந்தப் பக்கம் சாய்கிறது, பழைய நிரப்பு மண் எதுவரை, தண்ணீர் எந்த மட்டத்தில் கசிகிறது எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். முட்டுக் கொடுக்காத குழிக்குள் இறங்கக்கூடாது, ஜேசிபி அள்ளி மேலே போடும் கட்டியை எடுத்துப் பாருங்கள். களிமண் கட்டியைக் கையில் பிடித்து மெதுவாகப் பிளந்தால், சில இடங்களில் அது கண்டபடி உடையாமல் ஒரே தளத்தில் கழன்றுவரும். அந்தத் தளம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று, ஒரே திசையில் மெல்லிய கீறல்களோடு மினுங்கினால், அந்த மண் ஏற்கெனவே ஒருமுறை அங்கே நழுவியிருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை நழுவிய தளத்தில் களிமண்ணின் வலு வெகுவாகக் குறைந்துபோய்த்தான் இருக்கும், பழையபடி ஏறாது. 1960-களில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் செவன்ஓக்ஸ் புறவழிச்சாலைக்காகச் சரிவை வெட்டியபோது இதுதான் நடந்தது. பனியுகக் காலத்தில் மெதுவாக வழிந்துவந்து நின்ற மண்மடிப்புகள் அங்கே, பார்த்தால் அலுங்காத மென்சரிவு. வெட்டியதும் பழைய நழுவுதளங்கள் மறுபடி உயிர்பெற்று வேலை நின்றது, சாலையின் தடத்தையே மாற்ற வேண்டிவந்தது. அந்த மடிப்புகள் நிலத்தின்மேல் வடிவமாகவே தெரிந்தவை.

ஆழம் பற்றி ஒன்று. கனடாவில் வின்னிபெக் அருகே டிரான்ஸ்கோனா தானியக் கிடங்கு, 1913. அஸ்திவார மட்டத்தில் தட்டு வைத்துச் சுமை ஏற்றிச் சோதித்தார்கள், தரை தாங்கியது. கிடங்கில் தானியம் பெரும்பகுதி நிரம்பியபோது, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இறங்கி, ஒருநாளுக்குள் 27 டிகிரிக்குக் கிட்டச் சாய்ந்து நின்றது. சின்னத் தட்டின் சுமை மேலடுக்கோடு நின்றுவிடும், பெரிய கட்டடத்தின் சுமையோ அதன் அகலத்தைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு ஆழத்துக்கு இறங்கும். கீழே இருந்த மென்களிமண் சோதனைக்குள் வரவே இல்லை. அந்தப் பகுதி முழுவதும் பனியுகக் காலத்து அகாசிஸ் என்ற பெரிய ஏரியின் அடித்தரை. ஏரி அடித்தரை என்று தெரிந்தாலே ‘கீழே என்ன ஆழத்துக்குக் களிமண்?’ என்ற கேள்வி தானாக எழும்.

நிலத்தின் முகத்தைப் படிப்பது

இதற்கு மிகப் பெரிய சாட்சி இத்தாலியின் வாயோன்ட் அணை. 262 மீட்டர் உயர வளைவு அணை, 1960-ல் கட்டி முடித்தது. நீர்த்தேக்கத்தின் இடதுபக்க மலையான டாக்கில் மிகப் பெரிய பழைய நிலச்சரிவு ஒன்று படுத்துக்கிடக்கிறது என்று நிலவியலாளர் எடோவார்டோ செமென்ஸா 1959-60-லேயே மலையேறி வரைந்து சொன்னார். (அணையை வடிவமைத்த பொறியாளர் கார்லோ செமென்ஸாவின் மகன் இவர் என்பது கூடுதல் தகவல்.) அதைச் சரிபார்க்க 1960-ல் மூன்று துளை போட்டார்கள். நழுவுதளம் அகப்படவில்லை. அகப்படாததை ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் பாருங்கள்! அதே ஆண்டு நவம்பரில் மலையில் நீண்ட விரிசல் திறந்தது, ஒரு பகுதி சரிந்து ஏரியில் விழுந்தது. 1963 அக்டோபர் 9 இரவு சுமார் 27 கோடி கன மீட்டர் மலை ஒரே மூச்சில் ஏரிக்குள் இறங்கியது. எழுந்த அலை அணையைத் தாண்டிப் போய்ப் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 2,000 பேரைக் கொன்றது. அணை இன்றும் நிற்கிறது. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே சில சென்டிமீட்டர் தடிமனுள்ள களிமண் படலங்கள் இருந்ததைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. அந்த மாதிரிப் படலம் கோர் எடுக்கும்போது தண்ணீரோடு கழுவிப் போய்விடும், பெட்டியில் கல் மட்டும் அடுக்கியிருக்கும்.

மலைச்சரிவில் நடக்கும்போது பார்க்க வேண்டியது பெரிய வித்தை இல்லை. சீரான சரிவுக்கு நடுவே திடீரென்று ஒரு தட்டையான படி, அந்தப் படி மலைப்பக்கமாகவே சற்றுச் சாய்ந்து அங்கே ஒரு குட்டை தேங்கியிருப்பது. மேடும் குழியுமாகக் குமுறிக்கிடக்கும் தரை. ஒரே மட்டத்தில் வரிசையாக ஊற்று. அடிமரம் வளைந்து மேலே நேராகும் மரங்கள் (இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள், பனி கனத்தாலும் வெளிச்சம் தேடியும் மரம் வளையும்). கீழே ஓடும் ஓடையை யாரோ எதிர்க்கரைக்குத் தள்ளிவிட்டதுபோல் ஒரு வளைவு. பக்கத்தில் ஏற்கெனவே சாலை இருந்தால் ஒரே இடத்தில் ஒட்டுமேல் ஒட்டாகத் தார் போட்டிருக்கிறதா என்று பாருங்கள், நூறு மீட்டர் துளைக்குச் சமமான தகவல் அது. காடு மூடியிருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, அங்கேதான் லைடார். மரத்தை நீக்கிவிட்டு வெறும் தரையைக் காட்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தின் ஓசோவில் 2014 மார்ச் 22 அன்று சரிவு இறங்கி 43 பேர் இறந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் ஓரம் முழுக்க அதைவிடப் பெரிய பழைய சரிவுகளின் தழும்புகள் அதற்கு முன்பே எடுத்த லைடார் படங்களில் பளிச்சென்று இருந்தன.

சமதளத்திலும் இது வேலை செய்யும், அங்கே கருவி பழைய வரைபடம். 1964-ல் ஜப்பானின் நிகாட்டா நிலநடுக்கத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமலேயே அப்படியே மல்லாந்து சாய்ந்ததற்குக் காரணம் கீழே இளகிய மணல் தண்ணீராக நடந்துகொண்டது. மோசமாகப் பாதித்த இடங்களில் பல, ஆறு ஓடிய பழைய தடத்தைத் தூர்த்து எடுத்தவை. 2010, 2011-ல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கங்களிலும் இதே கதை. குருட்டாறாக வெட்டிவிடப்பட்ட வளைவு, தூர்ந்த குளம், கரையோர உயரணை (ஆறு தானே குவித்த மேடு), அதன் பின்னால் இருக்கும் பள்ளமான சேற்றுத்தரை எல்லாம் இன்று ஒரே மட்டமாக நிரவிக்கிடக்கலாம், ஆனால் ஐம்பது, நூறு ஆண்டுக்கு முந்தைய வரைபடத்தில் தனித்தனியாகத் தெரியும்.

சரி, இந்த வழியின் பலவீனம்? மேல்முகம் எண் தராது. களிமண் எவ்வளவு தாங்கும், எத்தனை வருஷம் அமிழ்ந்துகொண்டே இருக்கும் என்று நடந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதைவிட ஆபத்து, மேல்முகம் ஒன்றைச் சொல்ல, அடியில் வேறொன்று புதைந்திருப்பது. ஸ்விட்சர்லாந்தின் லோட்ச்பெர்க் ரயில் சுரங்கம், 1908 ஜூலை 24: காண்டர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு அடியில் திடப்பாறை இருக்கும் என்று நம்பிக் குடைந்துகொண்டு போனார்கள். பனியாறு அரித்த பழைய பள்ளம் அவர்கள் நினைத்ததைவிட வெகு ஆழத்துக்கு மணலும் சரளையுமாக நிரம்பிக்கிடந்தது. வெடி வைத்ததும் சேறும் தண்ணீரும் சுரங்கத்துக்குள் புகுந்து 25 தொழிலாளர்கள் இறந்தார்கள், பிறகு சுரங்கத்தையே வளைத்துச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. நிலவியலாளர் வார்த்தையை மட்டும் நம்பி ஆழத்தைத் தொட்டுப் பார்க்காமல் விட்டதற்கு இதைவிட எடுப்பான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

அலையும் மின்சாரமும்

லோட்ச்பெர்க் மாதிரி இடத்தில் இன்று முதலில் கூப்பிட வேண்டியது அலைக்கருவிக்காரர்களைத்தான். சுத்தியலால் தரையில் அடித்து, வரிசையாக நட்ட ஜியோஃபோன்களில் அதிர்வு எப்போது வந்துசேர்கிறது என்று பார்ப்பது அதிர்வு விலகல் முறை. நீர் நிறைந்த மண்ணில் அலை நொடிக்கு 1,500 மீட்டர் அளவில் போகும், நல்ல பாறையில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் போகும். பாறையின் மேல்மட்டம் எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்ற தொடர்ச்சியான கோடு கிடைப்பது இதன் பெரும் லாபம், துளைகளுக்கு நடுவே இருந்த ஊகத்தை அது நிரப்பும். ஆனால் ஒரு கெட்டி அடுக்குக்குக் கீழே மென்மையான அடுக்கு இருந்தால் இந்த முறைக்கு அது கண்ணிலேயே படாது. அஸ்திவாரக்காரர் பயப்படுவதே அந்த அமைப்புக்குத்தான். மேற்பரப்பு அலையை வைத்துச் செய்யும் முறைக்கு அந்தக் குறை குறைவு, நிலநடுக்க வகைப்பாட்டுக்குத் தேவையான, மேல் 30 மீட்டரின் சராசரி குறுக்கலை (மண்ணைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் அதிர்வு) வேகத்தையும் அது கொடுத்துவிடும். நொடிக்கு 180 மீட்டருக்குக் கீழே வந்தால் தரை ரொம்பவும் மென்மை. 1985 செப்டம்பர் 19-ல் 350 கிலோமீட்டருக்கு அப்பால் தோன்றிய நிலநடுக்கம் மெக்சிகோ நகரத்தின் பழைய ஏரித்தரைப் பகுதியைச் சரித்துப் போட்டுவிட்டு, பக்கத்து மேட்டுப் பகுதியை ஏறக்குறைய சும்மா விட்டதன் பின்னணி இந்த வேகம்தான்.

மின்தடை முறை களிமண்ணுக்கும் தண்ணீருக்கும் கூர்மையானது. நிலத்தடிக் குழி காற்றால் நிரம்பியிருந்தால் தடை அதிகம், தண்ணீரோ சேறோ நிரம்பியிருந்தால் குறைவு, எனவே ஒரே குழி இரண்டு மாதிரியும் தெரியலாம். தரை ஊடுருவும் ராடார் உலர்ந்த மணலில் பிரமாதம், களிமண்ணில் ஒன்றிரண்டு மீட்டருக்குள் செத்துவிடும். களிமண் தரைக்கு ராடார் கொண்டுவருகிறேன் என்பவரை அப்படியே அனுப்பிவிடலாம். அறிக்கையில் வரும் சிவப்பு நீலப் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரே அளவீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிலத்தடிப் படம் பொருந்தும், எது சரி என்று தேர்ந்தெடுக்க ஒரு துளையாவது வேண்டும். துளையே இல்லாத அலை அறிக்கையை நான் டிசைனுக்குப் பயன்படுத்த மாட்டேன்.

எந்த நிலத்துக்கு எது முதலில்

உக்கிய கிரானைட் தரையை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஏமாற்றுவதில் அது கெட்டிக்காரத்தனமானது. பாறை விரிசல்கள் வழியே தண்ணீர் இறங்கி இறங்கி உக்கும்போது, நடுவில் உக்காத உருண்டைகள் மண்ணுக்குள் மிதந்தபடி மிஞ்சும், சில உருண்டைகள் வீட்டளவு இருக்கும். துளை ஒரு உருண்டையில் முட்டினால் ‘பாறை வந்துவிட்டது’ என்று நிறுத்திவிடுவார்கள், பைல் (அஸ்திவாரத் தூண்) அதன்மேல் உட்காரும், அதற்குக் கீழே மறுபடியும் மண். அதனால்தான் பாறை தட்டுப்பட்டதும் நிறுத்தாமல் 3 முதல் 5 மீட்டராவது உள்ளே கோர் எடுக்கச் சொல்கிறார்கள். கோர் பெட்டியில் 100 மில்லிமீட்டருக்குக் குறையாத துண்டுகளின் நீளத்தைக் கூட்டி மொத்த நீளத்தால் வகுக்கும் ஆர்க்யூடி (பாறையின் தர அளவு) இங்கே உதவும், ஆனால் உருண்டைக்குள் எடுத்த கோர் அழகாக 90 சதவீதத்துக்கு மேல் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மேலே சுற்றுவட்டாரத்தில் உருண்டைப் பாறைகள் குவியலாகக் கிடந்தால் கீழேயும் அதே கதைதான். இங்கே என் வரிசை: நடை, அதிர்வு விலகல், அப்புறம் அதில் மேடும் பள்ளமும் தெரிந்த இடங்களில் கோர்.

சுண்ணாம்புப் பாறை என்றால் துளைகளின் எண்ணிக்கையை எவ்வளவு கூட்டினாலும் நிம்மதி வராது, ஒரு துளையில் 4 மீட்டரில் பாறை, அடுத்ததில் 15-லும் இல்லை என்று வரும். வான்படத்தில் உறிஞ்சுதுளைகளை (பாறை கரைந்து தரை உள்வாங்கிய குழிகள்) குறித்து, மின்தடைப் படம் எடுத்து, முக்கியமான தூண் ஒவ்வொன்றின் அடியிலும் விலை குறைந்த துருவுதுளை (மாதிரி எடுக்காமல் துருவிப் பார்க்கும் துளை) போடுவதுதான் வழி.

ஆற்று வண்டலில் சிபிடி, பழைய வரைபடம், இரண்டும் சேர்ந்து. மலையடிவாரத்தில் வண்டல் விசிறி (மலையிறங்கும் ஓடை விசிறிபோல் குவித்த மண்) என்றால் தாங்குதிறனைவிட, அடுத்த பெருமழைக்கு ஓடை எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் கேள்வி. அதைத் துளையால் கேட்கவே முடியாது. கரிசல்மண் தரையில் குழி தோண்டி விரிசல் எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்துவிட்டு உப்பும் அழுத்தத்தை ஆய்வகத்தில் அளந்தால் பெரும்பாலும் போதும். காற்றடி வண்டல் (காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண்) உலர்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், நனைந்தால் பொலபொலவென்று அமுங்கும். உலர்ந்த நிலையில் எடுத்த அடி எண்ணிக்கையை அங்கே நம்பக்கூடாது.

எந்த வேலைக்கு எது

சமதளத்தில் ஒரு சாதாரணக் கட்டடம் என்றால் பழைய வரைபடத்தோடு ஒரு நாள், இரண்டு மூன்று குழி, தேவையான ஆழத்துக்குச் சில துளைகள். இதற்கு அலைக்கருவி வைத்துப் படம் காட்ட வேண்டாம்.

மலைச்சாலைக்கு நேர்மாறு. 20 கிலோமீட்டர் தடத்துக்குத் துளைகளைச் சம இடைவெளியில் தூவுவது பணத்தைக் காற்றில் விடுவது. லைடாரும் நடையும் சேர்த்து நிலவடிவ வரைபடம் போட்டு முடித்தால் முதலில் தடத்தையே நகர்த்தலாம், அதில்தான் உண்மையான மிச்சம். நகர்த்த முடியாத இடங்களில் மட்டும் துளையும் குழியும் வாருங்கள் என்று கூப்பிடலாம்.

ஆற்றுப் பாலத்துக்குத் தூணடியில் துளை கட்டாயம், பேச்சே இல்லை. ஆனால் ஆறு கடந்த நூறு வருஷத்தில் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கரையோரத் தூணின் ஆழத்தை முடிவு செய்யாதீர்கள். இன்றைக்கு வறண்டு கிடக்கும் கரை நாளைக்கு ஆற்றின் நடுவாக ஆகலாம், வெள்ளத்தில் அடிமண் அரித்துப்போகும் ஆழமும் அதோடு மாறும்.

அணைக்கு மூன்றும் வேண்டும், எதையும் விட முடியாது. கலிஃபோர்னியாவின் செயின்ட் பிரான்சிஸ் அணை 1928 மார்ச் 12 நள்ளிரவு நெருங்கும்போது உடைந்து 400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அணை ஊன்றியிருந்த கிழக்குப் பக்கத் தோள் பழைய நிலச்சரிவின்மேல் இருந்தது. மேற்குப் பக்கத்துப் பாறைத்துண்டை விபத்துக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டபோது அது குழைந்து உதிர்ந்தது. ரிக் இல்லாமல், ஆய்வகம் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை. பிரான்சின் மால்பாசே அணையில், 1959 டிசம்பர் 2, 423 பேர் இறந்தது வேறு காரணத்துக்காக: இடதுகரைப் பாறையின் படல அமைப்பும் கீழே இருந்த ஒரு பிளவுப்பெயர்ச்சியும் (பாறை உடைந்து நகர்ந்த பிளவு) சேர்ந்து ஆப்புபோல் ஒரு பாறைத்துண்டைக் கழற்றிவிட்டன. அதைப் பிடிக்க, பாறையின் விரிசல்கள் எந்தத் திசையில் எந்தச் சாய்வில் போகின்றன என்று ஒவ்வொன்றாக அளந்து குறிக்கும் பொறுமை வேண்டும். அடி எண்ணிக்கையால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

சுரங்கத்துக்கு மேலிருந்து எவ்வளவு துளை போட்டாலும் ஆழம் கூடக்கூட ஒவ்வொன்றும் விலை ஏறி எண்ணிக்கை குறையும். அங்கே ஆய்வுப் பணத்தில் ஒரு பங்கை வேலை தொடங்கிய பிறகுக்கு ஒதுக்கிவைத்து, குடையும் முகத்திலிருந்து முன்னோக்கித் துருவிப் பார்த்துக்கொண்டே போவது மேல்.

பணத்தைப் பிரிப்பது எப்படி என்று கேட்டால், நான் முதல் வாரத்தில் ரிக்கைக் கூப்பிட மாட்டேன். வரைபடம், படம், நடை முடித்து, ‘இந்த இடத்தில் இது இருக்கும் என்று நினைக்கிறேன், இங்கே எனக்குத் தெரியவில்லை’ என்று ஒரு தாளில் எழுதச் சொல்வேன். துளையின் இடங்கள் அந்தத் தாளிலிருந்து வர வேண்டும். தெரியாத இடம் அகலமாக இருந்தால் அலைக்கருவி, ஓரிரு புள்ளிகள்தான் என்றால் நேரே துளை. மொத்தத் துளைகளில் ஒன்றிரண்டின் பணத்தைக் கையில் நிறுத்திவைத்து, முதல் சுற்று முடிவு வந்த பிறகு எங்கே முரண்படுகிறதோ அங்கே போட வேண்டும். ஒப்பந்தத்தில் எத்தனை துளை, எத்தனை மீட்டர் என்று முன்கூட்டியே பூட்டிவிட்டால் இதைச் செய்யவே முடியாது, ஒப்பந்தம் எழுதும்போதே வழி விடுங்கள்.

தண்ணீர் பாக்கி இருக்கிறது. துளை போட்ட அன்று மாலை குறித்த நீர்மட்டம் களிமண்ணில் பெரும்பாலும் பொய், தண்ணீர் ஊறிச் சேர்ந்து நிலைக்கு வர நாள்கணக்கு, சில சமயம் வாரக்கணக்கு ஆகும். அதனால் துளைகளை மூடுவதற்கு முன் இரண்டிலாவது குழாய் இறக்கி விட்டுவிட்டு ஒரு மழைக்காலம் முழுக்க அளவெடுக்கச் சொல்லுங்கள், செலவு சொற்பம். மழை முடிந்து அந்த அளவு கைக்கு வருவதற்குள் நிலவறை மட்டத்தை முடிவு செய்தே ஆக வேண்டும் என்று நெருக்கினால், நீர்மட்டம் தரைமட்டத்திலேயே நிற்கிறது என்று வைத்துத்தான் நான் கணக்குப் போடுவேன்.